சின்ன ஃப்ளை கட்ட எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது? கேள்வி-பதில்

ட்ரவுட் மீனுக்கான சின்ன ஃப்ளைகளைப் பற்றி, அதாவது 18 முதல் 24 வரையிலான தூண்டில் முள்ளில் கட்டும் செயற்கைப் பூச்சிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. முள்ளில் எண் ஏற ஏற அளவு சிறுக்கும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களின் 20-ஆம் எண் முள் வாங்கினேன். ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது. மாற்றி அனுப்பிவிட்டார்களா? திருப்பிக் கொடுக்கலாமா?

மாற்றி அனுப்பியிருக்க வாய்ப்பு குறைவு. முள்ளின் எண்ணுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவு கிடையாது. ஒருவருடைய 20 இன்னொருவருடைய 18-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தண்டின் நீளத்தைச் சொல்ல உறையில் ‘2 எக்ஸ் ஷார்ட்’, ‘1 எக்ஸ் லாங்’ என்று போடுகிறார்களே, அதுவும் அவரவர் கணக்குதான். இதைக் காரணம் காட்டித் திருப்பிக் கேட்டால் கடைக்காரர் ஏற்க மாட்டார். அடுத்த முறை தண்டு நீளம், வாய் அகலம், கம்பித் தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் ஒரே ஓர் உறை மட்டும் வாங்கி, காலிப்பரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் முதலில் பார்க்க வேண்டியது வாய் அகலம், அதாவது முள் நுனிக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி. 22-ஆம் எண் முள்ளில் நூலும் உடலும் ஏறிய பிறகு அங்கே மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். மீன் எடுக்கிறது, ஆனால் முள் ஏறவில்லை என்று வரும் புகார்களில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. தண்டு குட்டையாகவும் வாய் அகலமாகவும் உள்ள முள் இதற்காகவே விற்கிறது. காதையும், அதாவது தூண்டில் நூலைக் கோக்கும் வளையத்தையும், பாருங்கள். கீழ்நோக்கி வளைந்த காது வாய்க்கு எதிரே இறங்கி வழியை அடைக்கும். 20-க்கும் சிறிய முள்ளென்றால் நேர்க்காது உள்ளதைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

திருப்பிக் கொடுக்க நியாயமான குறைகள் வேறு உண்டு. காதின் கம்பி முனை தண்டோடு ஒட்டாமல் பிளந்து நின்றால் அந்த விளிம்பு டிப்பெட்டை, அதாவது ஃப்ளையோடு முடிச்சிடும் மெல்லிய நுனி நூலை, அறுக்கும். வைஸில் (கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் கிடுக்கியில்) பிடித்துக் காதை மெல்ல அழுத்தினால் நல்ல முள் வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வளைந்தபடியே நின்றால் கம்பி மென்மை. பட்டென்று ஒடிந்தால் பதம் மிஞ்சிப் போயிருக்கிறது. நுனியை நகத்தில் சாய்த்து இழுங்கள். வழுக்கினால் கூர் போதாது. ஓர் உறையில் நாலைந்து முள் இப்படித் தேறாமல் போனால் படம் எடுத்து அனுப்பி முழு உறையையும் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: எதிர்முள்ளை (நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டிய சிறு கூரை) நசுக்கினால் முள்ளே உடைகிறது. என்ன செய்வது?

எதிர்முள் இல்லாமலே செய்த முள்ளை வாங்குங்கள். சின்ன அளவில் அதுதான் மீனுக்கும் நல்லது, கழற்றவும் சுலபம். கையில் இருப்பதைத் தீர்க்க வேண்டுமென்றால், பல் இல்லாத தட்டைக் குறடால், முள் நுனி இருக்கும் திசையிலேயே குறடை வைத்து, மெதுவாக அழுத்துங்கள். குறுக்கே வைத்தால் ஒடியும். ஃப்ளை கட்டுவதற்கு முன்பே நசுக்கிவிடுங்கள்; உடைந்தால் முள் மட்டும்தான் போகும்.

கேள்வி: தொகுப்போடு வந்த வைஸில் 22-ஆம் எண் முள் நிற்காமல் சுழல்கிறது. புதிய வைஸ் வாங்க வேண்டுமா?

உடனே வேண்டாம். பெரிய முள்ளுக்குத் திருகி வைத்த தாடை அப்படியே இருந்தால் சின்ன முள்ளைப் பிடிக்காது. சரிசெய்யும் திருகை இறுக்கி இடைவெளியைக் குறையுங்கள். தாடையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடையுங்கள். முள்ளை வளைவின் கீழ்ப்பகுதியில், தாடையின் முனைக்கு அருகே பிடிக்கவும். சில தாடைகளில் பெரிய முள்ளுக்கென்று வெட்டிய பள்ளம் இருக்கும். அதில் சின்ன முள் விழுந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சுழலும்.

முள் நின்றும் விரலுக்கு இடமில்லை, நூல் தாடையில் இடிக்கிறது என்றால் தாடையின் முனை தடிமன். சின்ன முள்ளுக்கான ஒல்லித் தாடையைச் சில நிறுவனங்கள் தனியாகவே விற்கின்றன. உங்கள் வைஸுக்குப் பொருந்துவது உண்டா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். புதிதாகவே வாங்குவதானால் 10-ஆம் எண் முள் ஒன்றும் 22-ஆம் எண் முள் ஒன்றும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். சுழலும் வைஸ் வசதிதான். ஆனால் சின்ன ஃப்ளைக்கு அது கட்டாயமில்லை. தாடை உறுதிதான் கட்டாயம்.

கேள்வி: 6/0 நூல் ஒன்று சரியாக வந்தது. வேறு நிறுவனத்தின் 6/0 வாங்கினேன், தலை உருண்டையாகிவிடுகிறது. 8/0-க்கு மாறினால் அறுகிறது. எந்த நூல்தான் வாங்குவது?

பூச்சியத்துக்கு மேலே போடும் அந்த எண்ணைப் பார்த்து நூல் வாங்காதீர்கள். டான்வில் 6/0 ஏறக்குறைய 70 டெனியர். யூனி 6/0 ஏறக்குறைய 136 டெனியர். எண் ஒன்று, பருமன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யூனி 8/0 சுமார் 72 டெனியர் என்பதால் அதுதான் டான்வில் 6/0-க்கு ஈடு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே டெனியர், ஆகவே அதை வைத்து ஒப்பிடலாம். 18, 20 முள்ளுக்கு 70 டெனியர் போதும். 22-க்கும் சிறியதற்கு 50 அல்லது 30 டெனியர். மிக மெல்லிய நூல்களில் ஜெல்-ஸ்பன் வகை அறுவது அரிது. ஆனால் வழுக்கும், சாதாரணக் கத்தரியில் வெட்டுப்படாது.

அறுவதற்கு நூலைக் குற்றம் சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். பாபின் (நூல் உருளையைக் கால்களுக்கிடையே பிடித்திருக்கும் கருவி) குழாயின் வாயில் பிசிறு இருந்தால் நூல் பஞ்சுபோல் பிரியும். பீங்கான் குழாய் உள்ள பாபினில் இந்தத் தொல்லை இல்லை. பாபின் கால்கள் இறுக்கமாக இருந்தால், நூல் அறும் முன் உருளை சுழலாது. கால்களைச் சற்று விரித்து வளைத்துவிடுங்கள். மூன்றாவது, முள் நுனி. சின்ன முள்ளில் ஒவ்வொரு சுற்றும் நுனிக்கு மிக அருகில்தான் போகிறது. ஒருமுறை பட்டாலும் அந்த இடத்திலிருந்து நாலு சுற்று பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

தலை பருப்பதற்கு முறுக்கும் ஒரு காரணம். வலக்கைக்காரர் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் நூலில் ஒரு முறுக்கை ஏற்றும். பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுழற்றினால் முறுக்கு விட்டு நூல் நாடாவாகத் தட்டையாகும். தட்டை நூலில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் மேடு எழாது.

பழக ஜீப்ரா மிட்ஜ் என்ற ஃப்ளை நல்லது. 20-ஆம் எண் வளைவு முள், 1.5 மி.மீ. மணி, கருப்பு நூல், மிக மெல்லிய வெள்ளிக் கம்பி, இவ்வளவுதான். மணியின் சிறிய துளை காதைப் பார்க்க வேண்டும். ஆகவே முள் நுனியைச் சிறிய துளை வழியாக நுழையுங்கள். மணிக்குப் பின்னால் நூலைத் தொடங்கி, கம்பியை மணி வரைக்கும் சேர்த்துத் தண்டின் நீளம் முழுக்கக் கட்டுங்கள். பாதியில் தொடங்கினால் அங்கே படி விழும், உடலில் அது தெரியும். வளைவு வரை போய்த் திரும்பி, தட்டை நூலால் வாலில் ஒல்லியாகவும் மணிப் பக்கம் சற்றுத் தடித்தும் வருமாறு சுற்றுங்கள். கம்பியை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று. மிச்சக் கம்பியைக் கத்தரியால் வெட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டினால் நூலை ஒட்டி ஒடியும். கத்தரி முனையும் மழுங்காது. கடைசியில் நூலை முடிக்கும் விப் ஃபினிஷ் முடிச்சு மூன்று சுற்று போதும். வார்னிஷை ஊசி முனையில் எடுத்து வையுங்கள், தூரிகையால் வேண்டாம்.

கேள்வி: டங்ஸ்டன் மணி என்று வாங்கியது உண்மையில் டங்ஸ்டனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எடை போடுங்கள். அதே அளவுப் பித்தளை மணி 25, சந்தேக மணி 25. டங்ஸ்டன் என்றால் பித்தளையைப்போல் இரண்டு மடங்கு எடையாவது காட்ட வேண்டும். நகை எடை பார்க்கும் சிறு தராசு தேவைப்படும். ஒவ்வொன்றாக நிறுத்தால் வித்தியாசம் பிடிபடாது.

கேள்வி: உலர் ஃப்ளைக்கு, அதாவது நீர்மேல் மிதக்கும் ஃப்ளைக்கு, சேவல் இறகு வாங்கப் போகிறேன். கழுத்துத் தோலா, முதுகு இறகா, அளவு பிரித்த பொட்டலமா?

20, 22 அளவுகளில் அடிக்கடி கட்டுபவர் என்றால் கழுத்துத் தோல். அதில்தான் மிகச் சிறிய இறகுகள் இருக்கும், பல அளவுகளும் ஒரே தோலில் கிடைக்கும். முதுகு இறகு நீளமானது, ஒரே இறகில் பல ஃப்ளை கட்டலாம். ஆனால் பெரும்பாலானவை 14-லிருந்து 18 வரைதான் வரும். ஒரே மாதிரி ஃப்ளை மட்டும் கட்டுபவருக்கு அளவு பிரித்த பொட்டலம் சிக்கனம்.

வாங்கும்முன் ஓர் இறகை வளைத்து, விரியும் இழைகளின் நீளத்தைப் பாருங்கள். முள் வாயைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. கிரிஃபித்ஸ் நாட் போன்ற ஃப்ளைக்கு மயில் தோகை இழை, வரியோடிய சேவல் இறகு, நூல் மூன்றே போதும். அங்கே இறகு பெரிதாகிவிட்டால் சின்னப் பூச்சியின் உருவமே போய்விடும். நீண்ட இழையின் நுனியை வெட்டிச் சரிக்கட்டாதீர்கள். வெட்டிய முனை மொட்டையாக விறைத்து நிற்கும்.

கேள்வி: சிடிசி இறகில் கட்டிய ஃப்ளை, மிதப்பதற்கான களிம்பு தடவிய பிறகும் மூழ்குகிறது. களிம்பு போலியா?

களிம்பு தரமானதாகவே இருக்கலாம், சிடிசிக்குத்தான் ஆகாது. வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள இந்த இறகு, நுண்ணிழைகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைத்து மிதக்கிறது. களிம்பு இழைகளை ஒட்டிவிடும். உலர்த்தும் பொடி வாங்குங்கள். மீன் எடுத்தபின் ஃப்ளையை நீரில் அலசி, துணியில் ஒற்றி, பொடியில் குலுக்கினால் மறுபடி மிதக்கும்.

கேள்வி: 7 எக்ஸ் டிப்பெட் மீன் எடுத்ததுமே அறுகிறது. விலை அதிகமான ஃப்ளோரோகார்பனுக்கு மாறலாமா?

அறுந்த நுனியை முதலில் பாருங்கள். பன்றி வால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. முடிச்சை எச்சிலில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். ஃப்ளோரோகார்பன் வாங்கினாலும் இந்தக் கோளாறு தொடரும். நேராக அறுந்திருந்தால் நூலில் கீறல், அல்லது நீங்கள் கோலை வெடுக்கென்று இழுக்கிறீர்கள். சின்ன ஃப்ளைக்குக் கோலை நிதானமாக உயர்த்தினாலே முள் ஏறிவிடும். கோலின் நுனி விறைப்பாக இருந்தால் 7 எக்ஸ் தாங்காது, 6 எக்ஸ் போடுங்கள்.

எக்ஸ் கணக்கு எளிது. 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில். 5 எக்ஸ் 0.15 மி.மீ., 6 எக்ஸ் 0.127 மி.மீ., 7 எக்ஸ் 0.10 மி.மீ. முள் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறக்குறையப் பொருத்தமான எக்ஸ் வரும். 18-க்கு 6, 22-க்கு 7. ஒரே 7 எக்ஸில் ஒரு நிறுவனம் அதிக வலிமை அச்சிட்டிருந்தால் நூல் உண்மையில் தடிமனாக இருக்கவும் கூடும், மைக்ரோமீட்டர் சொல்லிவிடும்.

ஃப்ளோரோகார்பன் நீரைவிட நன்றாகக் கனம், வேகமாக மூழ்கும். அடியில் ஓட்டும் ஃப்ளைக்கு அதை வாங்குங்கள். மேலே மிதக்கும் ஃப்ளைக்கு நைலானே போதும், அந்தச் செலவு வேண்டாம். நைலான் வெயிலில் பலமிழக்கும். கடையின் கண்ணாடிப் பெட்டியில் வெயில் பட்டுக் கிடந்த சுருளைத் தவிருங்கள், பழைய சுருளை ஒரு முழம் எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.

நீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாட்களில் 7 எக்ஸே வேண்டாம். மெல்லிய நூலில் மீனை வெகுநேரம் இழுத்தாட நேரும். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், களைத்த ட்ரவுட் விட்டபிறகும் பிழைப்பது கடினம். அன்று தூண்டிலையே எடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

கேள்வி: கட்ட நேரமில்லை. கட்டி விற்கும் சின்ன ஃப்ளை வாங்கினால் எதைச் சோதிக்க வேண்டும்?

காதில் 6 எக்ஸ் நூலை விட்டுப் பாருங்கள். வார்னிஷ் அடைத்திருந்தால் ஆற்றங்கரையில் குளிர்ந்த விரலோடு குத்தித் திறக்க முடியாது. உடலுக்குச் சுற்றிய டப்பிங் பஞ்சு முள் வாயை மறைக்கிறதா, தலையை நகத்தால் தள்ளினால் நூல் நகர்கிறதா என்று பாருங்கள். முள் எந்த நிறுவனத்துடையது, எந்த மாதிரி என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் ஒரு டஜன் வேண்டாம், இரண்டு மட்டும் வாங்கி வளைத்துப் பாருங்கள்.