விழிப்புணர்வு இல்லை என்று முடியும் கட்டுரைகள்

அன்புள்ள ஐயா,

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். மாணவர்களிடம் மனித உரிமை, அரசியல் பங்கேற்பு பற்றி ஆய்வுக்கட்டுரை கேட்டிருந்தேன். இரண்டு கட்டுரைகள் என்னைக் குழப்புகின்றன. ஒன்று நல்ல நடையில் ஐ.நா.வின் 1948 மனித உரிமைப் பிரகடனத்தில் தொடங்கி, பழங்குடியினருக்கு உரிமை மறுக்கப்படுகிறது, காரணம் விழிப்புணர்வு இல்லாமை என்று முடிகிறது. மற்றதில் எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆனால் அந்த மாணவி பணியர் என்ற பழங்குடியினரின் ஒரு குடியிருப்புக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறாள். கிராம சபையால் அங்கே ஓரளவு பயன் உண்டு என்கிறாள். இந்த முடிவு எனக்கு உறுத்துகிறது. எப்படி மதிப்பெண் போடுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டாவதற்கே அதிகம் போடுங்கள். பிழைக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு உறுத்துவது அந்த மாணவியின் முடிவு, அவள் வேலை அல்ல. மனித உரிமைக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான். கட்டுரை நியாயத்தின் பக்கம் நின்றுவிட்டால் பேனா தாராளமாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் சார்பாகப் பேசுவதற்கு மதிப்பெண் கிடையாது. எதைப் பார்த்து, யாரிடம் கேட்டு அப்படிச் சொல்கிறார் என்பதற்குத்தான்.

முதல் கட்டுரையின் 'விழிப்புணர்வு இல்லை' என்ற வரிக்கு வருகிறேன். நம் கல்லூரிகளில் பாதி ஆய்வுகள் இதில்தான் முடிகின்றன. கூடவே முகாம் நடத்த வேண்டும் என்று ஒரு பரிந்துரை. காட்டில் வாழ்கிறவர்களின் நில உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் வந்தது 2006-இல். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் உரிமைப் பத்திரம் கைக்கு வரவில்லை. ஏன்? 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் தன் அனுமதி இல்லாமல் பத்திரம் கொடுக்கக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016-இல்தான். இந்த இடைவெளியில் எந்தக் காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பத்துக்கு முகாம் நடத்தி என்ன ஆகப்போகிறது? உங்கள் ஊரையே பாருங்கள். பழைய ஜன்மி நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969-ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய 17-ஆவது பிரிவை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூடச் சொல்வார். பட்டா இல்லை, மின் இணைப்புக்கு அலைச்சல், ஆனால் சட்டப் பிரிவு மனப்பாடம். இவர்களைப் பார்த்தா விழிப்புணர்வு இல்லை என்பது!

இன்னொன்று. முதல் மாணவர் 1948 பிரகடனத்தோடு நிற்கிறார். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. அரசியல் பங்கேற்பைப் பேசுவது அதன் 25-ஆவது பிரிவு. நாட்டைக் கட்டுப்படுத்துவது இது. பிரகடனம் அப்படி அல்ல. பழங்குடிப் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கிய 1996-இன் பெசா (PESA) சட்டத்தை நீலகிரிக்குப் பொருத்தியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியே இல்லை, ஆகவே அது இங்கே செல்லாது. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

சரி, இரண்டாவது கட்டுரையையும் சும்மா விடக் கூடாது. மாணவியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: பேட்டி எடுக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? எஸ்டேட் மேஸ்திரியோ வார்டு உறுப்பினரோ நின்றிருந்தால் 'எல்லாம் நல்லா நடக்குது' என்றுதான் பதில் வரும். பேசியது எந்த மொழியில்? பணியர்களுக்கு வீட்டில் பேசத் தனி மொழி இருக்கிறது. தமிழில் கேட்டால் சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். அப்புறம், எந்தக் கிராம சபை? ஊராட்சி கூட்டுவது ஒன்று. வன உரிமைக்காகக் கூடுவது வேறு. 2012 திருத்த விதிப்படி அதற்குப் பாதிப் பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். இரண்டையும் குழப்பியிருந்தால் அவள் முடிவு ஆட்டம் காணும். பெண்கள் வந்தார்களா என்பதோடு நிற்காமல், வாய் திறந்தார்களா, சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று எழுதியிருந்தால் தாராளமாகவே போடுங்கள்.

வனத்துறையைப் பற்றியோ எஸ்டேட்டைப் பற்றியோ குறை சொன்னவர்களின் பெயர், ஊர் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சின்னக் குடியிருப்பில் 'ஐம்பது வயது விதவை' என்றாலே யாரென்று தெரிந்துவிடும். அதை மாற்றி எழுதித் தரும்வரை நூலகப் பிரதிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.