மத்தியகாலப் பெண் புனிதர்களில் உங்கள் மனதில் நின்றவர் யார்? ஏன்?

இத்தாலியின் சியன்னா நகரப் புனித கத்தரீன். யோசிக்கவே வேண்டியதில்லை.

இவர் பெயரை எடுத்தாலே எல்லோரும் இன்றைய பிரான்சில் உள்ள அவிஞ்ஞோனுக்கு அவர் போன பயணத்தைத்தான் சொல்வார்கள். 1309 முதல் திருத்தந்தையர்கள் (போப்புகள்) ரோமை விட்டுப் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்கள். துணிக்குச் சாயம் போடுபவரின் மகளான கத்தரீன் 1376-ல் அங்கே போய், அப்போதைய திருத்தந்தை பதினோராம் கிரகோரியை ரோமுக்குத் திரும்பச் சொல்லி நேரிலேயே வற்புறுத்தினார். அடுத்த ஜனவரியில் திருத்தந்தை ரோமில் இருந்தார். பெரிய விஷயம்தான்.

பலர் அவரை மடத்துக் கன்னியாஸ்திரி என்று நினைக்கிறார்கள். இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது தலைமுடியை வெட்டிக்கொண்டவர், பிறகு சாமிநாதர் (டொமினிக்கன்) துறவற சபையோடு இணைந்திருந்த, துறவியர் அல்லாத பொதுநிலைப் பெண்களோடு சேர்ந்தார். மடத்துக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய கடும் நோன்பை மட்டும் என்னால் கொண்டாட முடியவில்லை. கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் 1380 ஏப்ரல் 29 அன்று, 33 வயதில் ரோமில் இறந்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது.

சரி, ஏன் இவர்? அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய கடிதங்களில் ஏறக்குறைய 380 நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தக் கடிதங்களில் ஒன்றுதான் காரணம். அது அவருடைய ஆன்ம குருவான கப்புவா நகர ரேமண்டுக்குப் போனது. சியன்னாவில் மரண தண்டனை பெற்ற ஓர் இளைஞரைப் பற்றியது. பெருஜியாவைச் சேர்ந்த நிக்கோலோ தி தோல்டோ என்பார்கள். கத்தரீன் சிறையில் அவரைப் போய்ப் பார்க்கிறார், திருப்பலிக்குக் கூட்டிப்போகிறார். "என்னை விட்டுப் போகாதீர்கள்" என்று அவர் கெஞ்ச, கொலைக்களத்தில் காத்திருப்பதாக வாக்குக் கொடுக்கிறார்.

சொன்னபடியே முன்னதாகப் போய்விடுகிறார். அந்த இளைஞர் வருவதற்குள் வெட்டுக்கட்டையில் தன் கழுத்தை வைத்துப் பார்க்கிறார். இந்த இடத்தை என்னால் சட்டென்று தாண்டிப் போக முடிந்ததே இல்லை. அப்புறம் அந்த இளைஞர் வருகிறார். கத்தரீனைக் கண்டதும் சிரிக்கிறார். சிலுவை அடையாளம் போடச் சொல்லிக் கேட்கிறார். கத்தரீனே அவர் கழுத்தைக் கட்டையில் பதித்து, பக்கத்தில் குனிந்து பேசிக்கொண்டிருக்கிறார். "இயேசு", "கத்தரீன்" என்ற இரண்டு சொற்கள்தான் அந்த இளைஞர் வாயில். அவருடைய தலை கத்தரீனின் கைகளில் விழுகிறது.

தன்மேல் தெறித்த அந்த இரத்தத்தைக் கழுவ மனம் வரவில்லை என்று கத்தரீன் ரேமண்டுக்குச் சொல்லியிருக்கிறார்.