நகரமயமாதலின் கெழு எதிர்க்குறியில் வந்தால் அது பிழையா?

வணக்கம். பல நாடுகளின் தலா ஆற்றல் நுகர்வைத் தலா வருமானத்தோடும் நகர மக்கள் விழுக்காட்டோடும் பொருத்திப் பார்த்தபோது, வருமானத்தின் கெழு (மற்றது மாறாதபோது இது ஒன்று கூடினால் நுகர்வு எவ்வளவு மாறும் என்று காட்டும் எண்) நேர்க்குறியிலும் நகரமயமாதலின் கெழு எதிர்க்குறியிலும் வந்ததாகவும், தரவில் பிழை இருக்குமோ என ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தரவைக் குறைசொல்லும் முன், ஆற்றல் கணக்கில் விறகும் சாணமும் சேர்ந்துள்ளனவா என்று பாருங்கள்.

ஏழை நாடுகளில் பெரும்பாலும் இதுவே விடை. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடுதான் பாத்திரத்தைச் சேர்கிறது. எரிவாயு அடுப்பில் பாதிக்கு மேல் சேர்கிறது. ஆகவே விறகெரித்த குடும்பம் நகரத்துக்கு வந்து எரிவாயுவுக்கு மாறினால், சமையல் அதே அளவில் இருந்தாலும் கணக்கில் ஏறும் முதன்மை ஆற்றல், அதாவது எரிபொருளில் உள்ள மொத்த ஆற்றல், குறைந்துவிடும். மின் நுகர்வை மட்டும் வைத்து மறுபடி கணக்கிட்டால் குறி மாறக்கூடும்.

தொழில்மயமாகிவரும் நாடுகளின் நிலை வேறு. அங்கே நகரம் என்றால் முதலில் கட்டுமானம், அதாவது கூடுதல் ஆற்றல் செலவு. சிமென்ட் சூளைக்கு மட்டும் சுமார் 1,450 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும், அந்தச் செலவோ வீட்டுக் கணக்கில் வராமல் தொழில்துறைக் கணக்கில் போய்விடுகிறது. செல்வ நாடுகளில் நெருக்கமான குடியிருப்பும் ரயிலும் எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன.

எனவே நாடுகளை வருமானப்படி பிரித்துத் தனித்தனியே மதிப்பிடுங்கள். வருமானமும் நகரமயமாதலும் சேர்ந்தே ஏறுவதால், அவற்றுக்கிடையேயான ஒட்டுறவையும் (இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதையும்) சோதித்துவிடுங்கள். அது மிக உயர்வாக இருந்தால், இரண்டின் விளைவையும் பிரித்தறிய முடியாமல் குறியே நம்பத்தகாததாகிவிடும்; அப்போது எதிர்க்குறிக்கு இவ்வளவு விளக்கமே தேவைப்படாமல் போகலாம்.