பட்டறை மேஜை: வீட்டுக்குள் ஒரு போர் விமானம்

கணினியில் ஓடும் போர் விமான சிமுலேட்டருக்கான ஸ்டிக், பெடல், பட்டன் பலகை போன்றவை பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எல்லாமே பெங்களூரு வாசகர்களுடையவை. அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் பாதி நாளைக் கழிப்பவர்களுக்கு ராத்திரியில் பறக்கத் தோன்றுவதில் வியப்பில்லை.

டி.சி.எஸ். வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரை நிறுவிவிட்டுக் கீபோர்டோடு மல்லாடுகிறேன். ஸ்டிக், த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்), பெடல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். வாடகை வீடு; சுவரிலோ தரையிலோ துளை போட முடியாது. எதை முதலில் வாங்குவது?
*மென்பொருள் பொறியாளர், அல்சூர்*

முதலில், எந்த விமானத்தையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். டி.சி.எஸ்.ஸில் இரண்டு விமானங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன: தரைத் தாக்குதலுக்கான ரஷ்ய எஸ்.யூ-25டி, ஆயுதமில்லாத இரட்டை இருக்கை மஸ்டாங்கான டி.எஃப்-51டி. இவற்றில் ஒழுங்காகத் தரையிறங்க வந்தபின் மூன்றாவதைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் தொகையில் மூன்றும் வாங்கினால் மூன்றும் சுமாராகத்தான் இருக்கும். ஒரே ஒரு நல்ல ஸ்டிக் வாங்குங்கள். கைப்பிடியைத் திருகினால் ரட்டராக, அதாவது விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடாக, வேலை செய்ய வேண்டும். அடிப்பாகத்தில் த்ராட்டிலுக்கு ஒரு சிறு நெம்புகோல் இருக்க வேண்டும். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இந்த வகை. வி.கே.பி. கிளாடியேட்டர் அதைவிட ஒரு படி மேல். பெடலும் தனி த்ராட்டிலும் அடுத்த போனஸ் வரை காத்திருக்கட்டும். கடைக்காரர் பட்டன்களை எண்ணிக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம். கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், நான்கு பக்கமும் தள்ளக்கூடிய ஹாட் ஸ்விட்ச் ஒன்று இருந்தால் போதும். ஸ்டிக்கை விடாமல் அழுத்திப் பிடிக்காமலே விமானத்தை நேராக வைக்கும் ட்ரிம்முக்கு அதை ஒதுக்கிவிடுங்கள். எஸ்.யூ-25டியில் வேகம் மாறினாலும் குண்டு கழன்றாலும் ட்ரிம் செய்தாக வேண்டும். எஃப்-16 போலக் கணினியே எல்லாவற்றையும் சரிக்கட்டும் விமானமல்ல அது.

இனி, யாரும் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேஜை என்ன உயரம்? நம் வீட்டு மேஜைகள் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். அதன்மேல் ஸ்டிக்கை வைத்தால் கைப்பிடி மார்புக்கு நேரே வந்து நிற்கும். தோள் தூக்கிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் கழுத்து இழுக்கும். இழுக்கிற கழுத்தோடு இன்னொரு விமானத்தின் இறக்கையை ஒட்டிப் பறக்க முடியாது. நிஜ விமானத்தில் நடு ஸ்டிக் விமானியின் முழங்கால்களுக்கு இடையில் நிற்கிறது. முன்கை தொடைமேல் படுத்திருக்க, மணிக்கட்டுதான் வேலை செய்கிறது. அந்த அமைப்பு வீட்டிலும் கிடைத்துவிட்டால் நடுத்தர விலை ஸ்டிக்கே போதும் என்று தோன்றிவிடும்.

துளை போடாமல் எப்படி என்கிறீர்களா? பழைய கம்ப்யூட்டர் மேஜைகளில் கீபோர்டுக்கென்று இழுக்கும் தட்டு ஒன்று இருக்குமே, அதுதான் பெங்களூருப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் மிகச் சிறந்த சிமுலேட்டர் உபகரணம். மேஜைப் பரப்பைவிடத் தாழ்ந்திருக்கும். தட்டை வெளியே இழுத்து, ஓடும் தண்டவாளத்தில் இருபுறமும் ஒரு திருகாணியை இறுக்கி அசையாமல் செய்துவிடுங்கள். ஸ்டிக்கின் அடிப்பலகையை இரண்டு சி கிளாம்ப்புகளால் தட்டோடு பிடியுங்கள். கிளாம்ப்பின் பல் படும் இடத்தில் பழைய செருப்பு ரப்பர் ஒரு துண்டு. வீட்டுக்காரர் வந்து பார்த்தாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

எஃப்-16, ரஃபேல் போல வலப்பக்க ஸ்டிக்தான் வேண்டும் என்றால் நாற்காலியின் கைதாங்கியில் பிடிக்கலாம். எஃப்-16இல் முதலில் வைத்த ஸ்டிக் அசையவே அசையாது, கை தரும் அழுத்தத்தை மட்டும் உணரும். விமானிகளுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு மிகச் சிறிதளவு அசையும்படி மாற்றினார்கள். ஆகவே ஸ்டிக் விறைப்பாக இருக்கிறது என்று அந்த விமானத்தில் குறைசொல்ல வழியில்லை.

பழைய ஸ்டிக். கையை எடுத்த பிறகும் விமானம் நடுங்கிக்கொண்டே இடப்பக்கம் சாய்கிறது. டெட்சோனை (ஸ்டிக்கின் நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) கூட்டிக்கொண்டே போகிறேன். இப்போது 15இல் நிற்கிறது.
*வாசகர், ஜீவன் பீமா நகர்*

இன்னும் கூட்டினால் ஸ்டிக்கை அசைப்பதும் அசைக்காததும் விமானத்துக்கு ஒன்றாகிவிடும். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, அங்கே தெரியும் சிறு சிலுவையைக் கவனியுங்கள். அது நடுவிலிருந்து விலகி, ஆனால் ஆடாமல் நின்றால் வெறும் கேலிபரேஷன் (நடுப்புள்ளியைக் கணினிக்குச் சரியாகக் காட்டும் அளவீடு) கோளாறு. ஐந்து நிமிட வேலை. நின்ற இடத்திலேயே துடித்தால் உள்ளே ஸ்டிக்கின் நிலையை மின் அளவாக மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது, அல்லது தூசி.

விலை குறைந்த ஸ்டிக்குகள் பலவற்றில் கரிப்பூச்சுத் தடம் ஒன்றின்மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது. ஸ்டிக் பெரும்பாலும் நடுவில்தானே நிற்கிறது? தடமும் அங்கேதான் முதலில் தேயும். துல்லியம் எங்கே வேண்டுமோ அங்கேயே கை விடும்.

அடிப்பலகையைத் திறக்குமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சுருள் துள்ளி வெளியே வந்தால் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. பொட்டென்ஷியோமீட்டரின் தகர உறையில், கால்கள் வெளிவரும் இடத்தில் ஓர் இடுக்கு தெரியும். அதற்குள் கான்டாக்ட் கிளீனரை (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) ஒருமுறை பீய்ச்சி, தண்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். எண்ணெய் தங்கி, தூசியை அழைத்துவரும். காய்ந்த பிறகும் துடித்தால் மாற்றத்தான் வேண்டும். உறையில் பி10கே என்பது போல அச்சிட்டிருக்கும். அந்த எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதிக்கொண்டு, மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடு போங்கள். பி இல்லை, ஏ இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று கடைப்பையன் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஏ என்பது ஒலி அளவுக் குமிழுக்கானது. அதன் ஏற்றம் நேர்கோட்டில் போகாது.

அடுத்த ஸ்டிக்கை ஹால் சென்சார் வகையாகப் பார்த்து வாங்குங்கள். காந்தம் ஒரு பக்கம், உணரி ஒரு பக்கம். நடுவே வெறும் காற்று. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவு அது. தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. அப்போது டெட்சோன் சுழியமோ இரண்டோ போதும். கர்வை (நடுவில் மென்மையாகவும் ஓரத்தில் வேகமாகவும் விமானத்தைத் திரும்பவைக்கும் அமைப்பு) 15 அளவில் வைத்துப் பாருங்கள். த்ராட்டிலுக்கு இரண்டும் வேண்டாம்.

புதிதாக ரட்டர் பெடல் வாங்கி இணைத்தேன். ஸ்டிக்கைத் தொடவே இல்லை. விமானம் எழும்பியதும் ஒரே பக்கமாகப் புரள்கிறது. பெடல் பழுதா?
*வாசகர், சி.வி. ராமன் நகர்*

பெடல் நன்றாக இருக்கிறது. டி.சி.எஸ்.ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு: புதிய கருவி எதைச் செருகினாலும் அதன் முதல் இரண்டு அச்சுகளை (எவ்வளவு அசைந்தது என்று கணினிக்குச் சொல்லும் தடங்கள்) பக்கச் சாய்வுக்கும் மூக்கின் ஏற்ற இறக்கத்துக்கும் தானாகவே கொடுத்துவிடும். உங்கள் பெடலில் முதல் இரண்டு அச்சுகள் கால்விரலால் அழுத்திப் பிடிக்கும் இரண்டு சக்கர பிரேக்குகளாக இருக்கும். மிதிக்காத பிரேக் அச்சின் ஒரு கோடியில் நிற்கும். அதாவது நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஸ்டிக்கை முழுக்கச் சாய்த்துப் பிடித்திருப்பதாக விமானம் எண்ணிக்கொள்கிறது. கட்டுப்பாட்டு அமைப்பில் அச்சுகள் பட்டியலைத் திறந்து, பெடலின் பத்தியில் ரட்டர், இரண்டு பிரேக் தவிர மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். விமானத்துக்கு விமானம் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். பாதிப் பேர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான்.

பெடலை அழுத்தினால் நாற்காலி பின்னால் போகிறது. கால்விரல் பிரேக் இல்லாத விலை மலிவான பெடல் போதுமா?
*வாசகர், பனசவாடி*

பளபளப்பான டைல்ஸ் தரை, சக்கர நாற்காலி. பின்னால் போகாமல் என்ன செய்யும்? நாற்காலியின் பின்சக்கரத்திலிருந்து பெடலின் முன்நுனி வரை அளந்து, அந்த நீளத்துக்கு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை ஒன்று வெட்டி வாங்குங்கள். பெடலை ஒரு கோடியில் திருகாணியால் இறுக்குங்கள். மறுகோடியில் சக்கரங்களுக்குப் பின்னால் மரச்சட்டம் ஒன்றைக் குறுக்கே அடியுங்கள். நீங்கள் மிதிக்கும் விசையும் நாற்காலியைத் தள்ளும் விசையும் ஒரே பலகைக்குள் அடங்கிவிடும். தரைக்கு அதில் பங்கில்லை. பலகைக்கு அடியில் ரப்பர் பாய் போட்டால் கீழ்வீட்டுக்காரர்களும் தூங்குவார்கள்.

பிரேக் கேள்விக்குப் பதில், எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. எஃப்-16, எஃப்-18, ஏ-10 என்று அமெரிக்கப் பக்கம் போனால் கால்விரல் பிரேக் வேண்டும். 2025 செப்டம்பரில் நம் விமானப்படை விடைகொடுத்த மிக்-21இல் அது கிடையாது. ஸ்டிக்கிலேயே, சைக்கிள் பிரேக் போல ஒரு நெம்புகோல். அதைப் பிடித்தபடி எந்தப் பெடலை மிதிக்கிறோமோ அந்தப் பக்கச் சக்கரத்தில் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும். ரஷ்ய விமானங்கள்தான் ஓட்டுவேன் என்றால் மலிவான பெடலே போதும். ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகம் உங்கள் வீட்டிலிருந்து தொலைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நிஜ விமானங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இருபது ஸ்விட்சுகள் கொண்ட பலகையை அர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணு போர்டில் செய்தேன். கணினி அதை ஜாய்ஸ்டிக்காக ஏற்க மறுக்கிறது.
*இரண்டாம் ஆண்டு மின்னணுவியல் மாணவர், பி.டி.எம். லேஅவுட்*

தம்பி, ஊனோவின் முதன்மைச் சிப்புக்கு யூ.எஸ்.பி. தெரியாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிப்தான் அதற்காகக் கணினியோடு பேசுகிறது. அதுவும் வெறும் தகவல் இணைப்பான சீரியல் போர்ட்டாகத்தான், ஜாய்ஸ்டிக்காக அல்ல. ஏ.டி.மெகா 32யூ4 சிப் உள்ள லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வாங்கு. ஜாய்ஸ்டிக் லைப்ரரியைச் சேர்த்தால் விண்டோஸ் உடனே ஏற்றுக்கொள்ளும்.

இருபது ஸ்விட்சுக்கு இருபது கம்பி இழுக்காதே. ஐந்து வரிசை, நான்கு நிரல் என்று அணியாகக் கட்டினால் போர்டின் ஒன்பது கால்கள் போதும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4148 டையோடு ஒன்று போடு, கறுப்புக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். டையோடை மிச்சம் பிடித்தால், செவ்வகத்தின் மூன்று மூலைகளில் ஸ்விட்சுகள் மூடியிருக்கும்போது நான்காவது மூலையும் மூடியதாகக் காட்டும். லேண்டிங் கியரை இறக்கப்போய் வெடிகுண்டை இறக்குவாய்.

இருபதும் தேவைதானா என்றும் ஒருமுறை யோசி. கியர், ஃபிளாப் (இறக்கையில் இறங்கும் தகடு), மாஸ்டர் ஆர்ம் (ஆயுதங்களுக்கான முதன்மை ஸ்விட்ச்), விளக்குகள்: கண்ணால் பார்க்காமல் கை தேடும் ஸ்விட்சுகள் இவைதான். மற்றவற்றை மவுஸால் சொடுக்கலாம்.

வெப்கேம் வைத்துத் தலை அசைவைப் பின்தொடரும் மென்பொருள் போட்டிருக்கிறேன். இரவில் அருமை. காலையில் பார்வை கண்டபடி துள்ளுகிறது.
*வாசகர், ஃப்ரேசர் டவுன்*

உங்கள் முதுகுக்குப் பின்னால் கிழக்கு ஜன்னல் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். முகம் நிழலாகி, கேமராவுக்கு எதுவும் பிடிபடுவதில்லை. மேஜையைத் திருப்புங்கள் அல்லது கனமான திரை போடுங்கள். ஹெட்போனில் மூன்று அகச்சிவப்பு எல்.இ.டி. மாட்டும் முறைக்கு மாறினாலும் வெயில் விடாது; சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது. ஓப்பன்ட்ராக் இலவச மென்பொருள். இரண்டு முறைக்கும் உதவும். தலையை 15 பாகை திருப்பினால் திரையில் 90 பாகை திரும்பும்படி கர்வ் போடுங்கள். நேரே பார்க்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மந்தமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மூச்சு விட்டாலே குறி நகரும்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், இதெல்லாம் வாங்கிக் கொடுத்தால் விமானப்படையில் சேர உதவும் என்கிறான். நம்பலாமா?
*தாய், விவேக் நகர்*

பாதி நம்பலாம், சகோதரி. சிமுலேட்டர் விளையாட்டுப் பொருளாக மட்டும் பிறந்ததல்ல. எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டியை முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்களே வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப்போய், மோசமான வானிலையில் பலர் இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது, கையும் காலும் ஒன்றாக வேலை செய்வது, இவை வீட்டிலும் ஓரளவு பழகும்.

ஆனால் வாசல் வேறிடத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், அதன் பிறகு தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான என்.டி.ஏ. தேர்வு, நேர்முகத் தேர்வு வாரியம். விமானிகளுக்கான கணினித் திறன் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத விடுகிறார்கள். மருத்துவச் சோதனையில் கண்ணைத் துருவிப் பார்ப்பார்கள். எனவே ஸ்டிக்குக்கு முன் கண் மருத்துவரிடம் அழைத்துப் போய், நிறக்குருடு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு பழைய ஸ்டிக் ஒன்று போதும். புதியதை பிளஸ் டூ முடித்தபின் அவனே கேட்டு வாங்கிக்கொள்வான்.

மின்சாரம் போய் எங்கள் அடுக்ககத்தின் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் சில விநாடிகளில் கணினி அணைந்துவிடுகிறது. ஸ்டெபிலைசர் போதுமா?
*வாசகர், ஒயிட்ஃபீல்டு*

போதாது. ஸ்டெபிலைசரிடம் சேமிப்பு எதுவும் கிடையாது, யூ.பி.எஸ். வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வி.ஏ. எண்ணை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணைப் பாருங்கள். 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்; கிராஃபிக்ஸ் கார்டு முழுமூச்சில் ஓடும் கணினிக்கு அது காணாது. மானிட்டரையும் அதே யூ.பி.எஸ்.ஸில் செருகுங்கள். ஸ்பீக்கருக்குத் தேவையில்லை.