அசதிக்கு லேகியம் சாப்பிடலாமா?

கேள்வி: வயது 38. சோமனூரில் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுகிறேன். எந்நேரமும் அசதி, தாம்பத்தியத்திலும் நாட்டமில்லை. லேகியம் வாங்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. வீரியத்துக்கென்று விற்கிற சிலவற்றில் இங்கிலீஷ் மாத்திரையையே பொடித்துக் கலந்துவிடுகிறார்கள், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் தூக்கத்தைப் பாருங்கள். ஆண் ஹார்மோன் தூங்கும்போதுதான் நன்றாகச் சுரக்கும். காலையில் வந்து படுத்துவிட்டுப் பதினோரு மணிக்கே எழுந்து தோட்டத்து வேலைக்கும் ரேஷன் கடைக்கும் ஓடினால் அப்புறம் தெம்பு எங்கிருந்து வரும்? ஜன்னலைக் கெட்டித் துணியால் மறைத்து, போனை அணைத்து, 7 மணி நேரமாவது தூங்குங்கள். விடியற்காலை டீயைக் குறையுங்கள், பீடி இருந்தால் அறவே விடுங்கள், அது ரத்தக்குழாயைக் கெடுக்கும். கொள்ளுப்பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் மருந்தாக நம்ப வேண்டாம். முக்கியமாக, சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிடுங்கள். விறைப்புக் குறைவது சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் முன்னறிகுறியாக இருக்கலாம், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்க.