தென்காசித் தங்கைக்கு: ஊர்ச் செய்தி இங்கே எப்படி வரும்

ஆகஸ்டில் இங்கிலாந்தில் வந்திறங்கிய தென்காசிப் பக்கத்துத் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வாடகை குறைவு என்று சஃபோக்கில் சவுத் எல்ம்ஹாம் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு எடுத்தோம். மூன்று மாதமாக ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. போன மாதம் ஊரில் ஏதோ விருந்து நடந்திருக்கிறது, எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. இப்போது நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. பேசாமல் லண்டனில் நம்மவர்கள் இருக்கிற ஈஸ்ட் ஹாமுக்கே போய்விடலாமா?"

நான் மன்னார்குடிப் பக்கம். இல்கெட்ஷல் ஊர்களுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. உங்களுக்கு ஏழெட்டு மைல் தள்ளித்தான் இருக்கிறேன், தங்கச்சி. அதனால் பொதுவாக எதையும் சொல்லாமல் நம் ஊர்களைப் பற்றியே சொல்கிறேன்.

முதலில் அந்த விருந்து. அது அநேகமாக ஹார்வெஸ்ட் சப்பராக இருக்கும், அறுவடை முடிந்ததும் ஊர் ஹாலில் போடுகிற சாப்பாடு. உங்களை யாரும் ஒதுக்கவில்லை. நம் பக்கம் விசேஷம் என்றால் தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து வாசலுக்கு வந்து அழைக்க வேண்டும். அழைக்காத வீட்டுக்கு நாம் போகமாட்டோம். இங்கே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் ஊர் முழுவதையும் அழைத்தாயிற்று. புதிதாக வந்தவர் வீட்டுக் கதவைத் தட்டினால் அவர்களுக்குத் தொந்தரவு என்றுதான் நினைப்பார்கள். இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடத்தில் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுத நாட்கள் உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பங்கி, ஹேல்ஸ்வொர்த், ஹார்ல்ஸ்டன் என்ற சிறு டவுன்களுக்கு நடுவில் இருக்கிற நம் ஊர்களை எல்லாரும் 'த செயின்ட்ஸ்' என்பார்கள். சவுத் எல்ம்ஹாம் என்று தொடங்குவது ஒரு கூட்டம், இல்கெட்ஷல் என்று தொடங்குவது இன்னொரு கூட்டம். பின்னால் வரும் செயின்ட் ஜேம்ஸ், செயின்ட் மைக்கேல், செயின்ட் ஆண்ட்ரூ எல்லாம் அந்தந்த ஊர் சர்ச்சின் பெயர். செயின்ட் மார்கரெட் மட்டும் இரண்டு கூட்டத்திலும் உண்டு. பார்சல் வரவில்லை என்றால் முதலில் அந்த இன்னொரு மார்கரெட்டில் விசாரியுங்கள்.

எல்லாமே சின்னச் சின்ன ஊர்கள். தனியாக ஒரு ஊரால் ஒரு காரியமும் நடத்த முடியாது. அதனால் பல ஊருக்குச் சேர்த்து ஒரே பாதிரியார். முதல் ஞாயிறு ஒரு சர்ச்சில் பூசை என்றால் அடுத்த ஞாயிறு பக்கத்து ஊரில். ஹாலும் பொது, பத்திரிகையும் பொது. உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். எல்லா ஊரையும் சேர்த்துப் பாருங்கள், மாதத்தில் சும்மா இருக்கிற வாரமே கிடையாது.

அந்தப் பத்திரிகையை பாரிஷ் மேகசின் என்பார்கள். மாதம் ஒன்று. முதல் பக்கத்தில் பாதிரியார் கடிதம், அப்புறம் எந்த சர்ச்சில் எந்த ஞாயிறு பூசை, ஹாலில் காபி மார்னிங், அதாவது காபி குடித்துப் பேசக் கூடுவது எப்போது, சாலை எங்கே அடைப்பு, யார் வீட்டுப் பூனையைக் காணோம். நான் முதலில் படிப்பது கடைசிப் பக்கங்களின் விளம்பரங்களைத்தான். புகைபோக்கி சுத்தம் செய்பவர், விறகு கொண்டுவருபவர், செப்டிக் டேங்க் எடுப்பவர் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். உங்களுக்கு வரவில்லை என்றால் அநேகமாக உங்கள் தெருவுக்குப் போடுகிற ஆள் யாரும் இல்லை. எழுதுகிறவர், அடுக்குகிறவர், வீடு வீடாகப் போடுகிறவர் யாருக்கும் சம்பளம் இல்லை. அதனால் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. எங்கேயாவது ஒரு பிரதியை வாங்கிப் பாருங்கள், உள் அட்டையில் ஆசிரியரின் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டு, "எங்கள் தெருவுக்கு நான் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். மதம் ஒரு தடையே இல்லை. நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள், 9 வருடமாக 14 வீட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த 14 வீட்டில் கடைசி வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறை நெருங்கியவர், வாழ்நாள் முழுக்கப் பண்ணை வேலை பார்த்தவர். முதல் மாதம் "ஆல் ரைட்?" என்றார். உடம்பைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து என் சளி, இருமல் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அது வெறும் வணக்கம்தான், திருப்பி நீங்களும் "ஆல் ரைட்" என்றால் போதும். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள், "உன் கேட் ஆன் த ஹு ஆக இருக்கிறது" என்றார். கோணல் என்பதற்கு சஃபோக்காரர்களின் சொல் அது. மறுநாள் காலை சுத்தியலும் இரண்டு ஸ்க்ரூவும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கீலைக் கழற்றி, அடியில் ஒரு மரச்சில்லு செருகி, கேட்டை நிமிர்த்திவிட்டார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. பூட்ஸில் மண் என்று வாசலிலேயே நின்று இஞ்சி டீ குடித்தார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து எனக்கு ஊரில் தெரியாத செய்தி கிடையாது. யார் வீட்டில் பிரசவம், யார் நிலத்தை விற்கிறார்கள், எந்தச் சாலையில் பள்ளம் என்று எல்லாம் அந்தக் கேட்டில் நின்றே பேசியாயிற்று. மூன்று மாதமாக யாரும் வரவில்லை என்கிறீர்கள். இவருக்கு என் வாசலுக்கு வர அதைவிட அதிகமாக ஆயிற்று. வந்த பிறகு அவர் விட்டுப் போகவில்லை.

அடுத்தது பாரிஷ் கவுன்சில். நம் ஊராட்சி மன்றம் போல, ஆனால் அதைவிடச் சிறியது. 1894ல் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். கவுன்சிலர்களுக்குச் சம்பளம் இல்லை, எழுத்து வேலை பார்க்கும் கிளார்க்குக்கு மட்டும் உண்டு. கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்னாலேயே போர்டில் அஜெண்டா ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பொதுமக்கள் பேச வழக்கமாக ஒரு நேரம் ஒதுக்குவார்கள். யாரிடம் எதைக் கேட்பது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாலைப் பள்ளம் சஃபோக் முழுவதற்குமான கவுண்டி கவுன்சில் வேலை. குப்பைத் தொட்டியும் வீடு கட்டும் அனுமதியும் ஈஸ்ட் சஃபோக் கவுன்சில். பெஞ்ச், போர்டு, ஊர்ப் புல்வெளி மாதிரியானவை பாரிஷ்.

நான் முதன்முதலில் போனது தண்ணீருக்காக. என் வீட்டு முன்னால் சாலையோர வாய்க்கால் தூர்ந்து போய், மழை பெய்தால் தண்ணீர் சாலையில் ஏறி கேட்டுக்குள் வந்துவிடும். இங்கே நிலம் கனத்த களிமண். நம் டெல்டா மண் மாதிரியேதான், தண்ணீரைக் குடிக்காது. வாய்க்கால் தூர் வாருவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அடைப்பு எங்கே என்று தெரியாதா? இரண்டு வயல் தள்ளி, டிராக்டர் போக வழிவிட்டுப் புதைத்திருந்த குழாயில் இலையும் சேறும் அடைத்திருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். ஹாலில் பதினோரு பேர் இருந்தார்கள். குரல் நடுங்கத்தான் பேசினேன். படத்தைப் பார்த்ததும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர், "அது என் குழாய்தான்" என்றார். அவரும் கவுன்சிலர். அந்த வாரமே ஜேசிபி வந்தது. கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்போது நான்கு பேர் என்னிடம் வந்து தங்கள் வீட்டு வாய்க்காலையும் வந்து பார்க்கச் சொன்னார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், நம்மவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தியா, இலங்கை எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் ஓட்டு உண்டு, நாடாளுமன்றத் தேர்தலிலும்கூட. ஆன்லைனில் ஐந்து நிமிடத்தில் பதிவு செய்துவிடலாம். மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் நடுவில் வருடாந்திர பாரிஷ் மீட்டிங் என்று ஒன்று நடக்கும். அது கவுன்சிலர்களின் கூட்டம் இல்லை, வாக்காளர்களின் கூட்டம். பட்டியலில் பெயர் இருந்தால் அங்கே எழுந்து பேசவும் கை தூக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கவுன்சிலராக நிற்பதற்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும்வரை பொறுக்க வேண்டும்.

சாப்பாடு வழியாகவும் ஊருக்குள் போகலாம். கோடை முடிவில் காய்கறி, பூ, கேக், ஜாம் எல்லாம் மேசைமேல் வைத்துப் போட்டி நடத்துவார்கள். மூன்று வெங்காயம் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஜாம் பாட்டிலில் கடைப் பெயர் இருக்கக்கூடாது என்று விதிகள் மிகக் கறார். நான் சட்னி பிரிவில் தக்காளித் தொக்கு வைத்தேன். நல்லெண்ணெய், பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம் என்று அம்மா செய்யும் முறைதான், எதையும் குறைக்கவில்லை. பரிசு இல்லை. நடுவர் அட்டையில், "சுவை மிக நன்று. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பவும்" என்று எழுதியிருந்தார். அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் கழுத்துவரை நிரப்பினேன், இரண்டாம் பரிசு. அதற்கப்புறம் இரண்டு பெண்கள் செய்முறை கேட்டு வீட்டுக்கே வந்தார்கள். பெருங்காயத்தை முகர்ந்துவிட்டு முகம் சுளித்தார்கள், சாப்பிட்டுவிட்டு ஒரு டப்பா வாங்கிப் போனார்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. இந்த நவம்பர் மாதம் இரண்டாவது ஞாயிறு ரிமெம்பரன்ஸ் சண்டே. காலை 11 மணிக்குப் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். கறுப்புக் கோட்டு இருந்தால் போட்டுக்கொண்டு போய் நில்லுங்கள். போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்களை வாசிக்கும்போது கவனியுங்கள், அதே குடும்பப் பெயர்க்காரர்கள் சிலர் உங்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். நம் கூட்டத்தில் சவுத் எல்ம்ஹாம் செயின்ட் மைக்கேலுக்கு மட்டும் ஒரு தனி நிலை உண்டு. இரண்டு உலகப் போருக்கும் அங்கிருந்து போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். 'நன்றியுள்ள ஊர்' என்று அதற்குப் பெயர், இங்கிலாந்தில் அப்படிப்பட்டவை மிகச் சிலதான். எல்லா ஊரிலும் கல்லில் பெயர்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால் மனசு என்னவோ செய்யும்.

அப்புறம் ஜனவரி. ஆறாம் தேதிக்குப் பிறகு வரும் முதல் திங்கள் ப்ளவ் மண்டே, உழவைத் தொடங்கும் நாள். அதையொட்டிய ஞாயிறன்று சில இடங்களில் சர்ச்சுக்குள் கலப்பையைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் செய்வார்கள். அதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த சில நாளில் நமக்குப் பொங்கல்.

குளிர்காலத்துக்கு முன்னால் மூன்று காரியம். வீட்டுக்குப் பின்னால் பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் அதில்தான் ஹீட்டிங் எண்ணெய். தனியாக வாங்காதீர்கள், பெரும்பாலும் குறைந்தது 500 லிட்டர் எடுக்கச் சொல்வார்கள். ஊர் ஊராகச் சேர்ந்து மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் குழு இருக்கும், விலை குறையும். கரண்ட் போனால் 105க்குக் கூப்பிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் வண்டி ஓட்ட வேண்டும். இந்திய லைசென்ஸ் இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். இப்போதே ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு (நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி) எழுதிப்போடுங்கள், டெஸ்ட் தேதி கிடைக்க நாளாகும். பஸ்ஸை நம்பி இந்த ஊர்களில் இருக்க முடியாது.

எல்லாம் இனிப்பாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். டவுனில் ஒருமுறை ஒருவன் என்னைப் பார்த்து, உன் நாட்டுக்குப் போ என்றான். பக்கத்தில் நின்ற என் கிராமத்து இங்கிலீஷ் அம்மா, "அவள் எங்கள் ஊர்க்காரி" என்று அவனிடம் சத்தமாகச் சொன்னாள். அவன் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது, இவள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

ஈஸ்ட் ஹாம் போனால் கோயிலும் முருங்கைக்காயும் பக்கத்தில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வேலை மாறினால் விசா ஸ்பான்சரும் மாற வேண்டும், வாடகையும் இந்த மாதிரி இருக்காது. என் அபிப்பிராயம், வசந்தம் வரும்வரை பொறுங்கள். ஏப்ரலில் இருட்ட எட்டு மணி ஆகும், வேலியோரமெல்லாம் பூத்துக் கிடக்கும். அதற்குள் லைசென்ஸ் எடுக்க முடியவில்லை, மனசும் ஒட்டவில்லை என்றால் தாராளமாகப் போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

இந்த வாரம் அந்தப் பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். காபி மார்னிங்குக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தேதியைச் சொல்லுங்கள், நான் வண்டியில் வந்து கூட்டிப்போகிறேன்.