பிசிபி: உள்நாட்டிலா, வெளிநாட்டிலா?

கேள்வி: கோவையில் மோட்டார் பம்புகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தயாரிக்கிறோம். புதிய மாடலுக்கு மாதம் 2,000 இரண்டு லேயர் பிசிபி, அதாவது இருபுறமும் செம்பு அடுக்கு கொண்ட அச்சிட்ட மின்சுற்றுப் பலகை, தேவைப்படும். சீனாவின் ஷென்ஜெனில் பலகைக்கு 60 ரூபாயும், இங்கே 75 ரூபாயும் கேட்கிறார்கள். உள்நாட்டில் வாங்குவது கட்டுப்படியாகுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் ஒப்பிடுவது இரண்டு தொழிற்சாலைகளின் வாசல் விலைகளை. ஒப்பிட வேண்டியதோ, பலகை உங்கள் பட்டறைக்கு வந்து சேரும்போது ஆகும் விலையை. சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வரும், மின்னுறுப்புகள் பொருத்தப்படாத, ஆறு லேயர் வரையிலான பிசிபிகளுக்கு 2024ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் வந்து குவியும் இறக்குமதியைத் தடுக்கும் கூடுதல் வரி) விதித்துள்ளது. தயாரிக்கும் நிறுவனத்தைப் பொறுத்து மாறும் இந்த வரி, 30 சதவீதம் வரை போகிறது. கணக்குக்காக, சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து பலகைக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 65 ரூபாய்க்கு உச்ச வரி 19 ரூபாய் 50 காசு. ஆகச் சுங்கத் தரகர் கட்டணத்துக்கு முன்பே 84 ரூபாய் 50 காசு ஆகிவிடுகிறது. இறக்குமதியின்போது கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறலாம். பொருள்குவிப்புத் தடுப்பு வரியை அப்படிப் பெற முடியாது. எனவே, உங்களுக்கு விலை கொடுத்த சீன நிறுவனத்துக்கு எந்த விகிதம் பொருந்தும் என்பதை முதலில் சுங்கத் தரகரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். விகிதம் குறைவாக இருந்தால் முடிவு மாறக்கூடும்.

ஆனால் வரியைவிட நான் அதிகம் அஞ்சுவது தேங்கிப்போகும் சரக்கைத்தான். கடல்வழியாக வரவழைப்பவர்கள் சரக்குச் செலவைக் குறைப்பதற்காக இரண்டு மூன்று மாதத் தேவையை ஒரே ஆர்டராகக் கொடுத்துவிடுவது வழக்கம். புதிய மாடலின் முதல் ஆண்டில் வடிவமைப்பு மாறாமல் இருப்பது அரிது. மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்விசையான ரிலேக்குச் செல்லும் ட்ராக்கை (பலகையில் மின்னோட்டம் ஓடும் செம்புத் தடத்தை) அகலப்படுத்த வேண்டியிருக்கும், அல்லது கிராமத்து மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க, மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்கும் உறுப்பான வேரிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது கிடங்கில் இருக்கும் பழைய பலகைகள் அனைத்தும் கழிவுதான். அருகிலுள்ள ஆலையில் மாதத் தேவையை மட்டும் சொல்லி வாங்கினால் இந்த இழப்பு ஒரு மாதச் சரக்கோடு நின்றுவிடும்.

தரத்தைப் பொறுத்தவரை, உள்நாட்டில் செய்தது என்பதாலேயே ஒரு பலகை நல்லதாகிவிடாது. உங்கள் பயன்பாட்டில் செம்பின் தடிமன் உயிர்நாடியானது. இத்தொழிலில் செம்பின் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் செம்பு என்றால் 35 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரிலே மின்னோட்டம் ஓடும் ட்ராக்குகளுக்கு 70 மைக்ரான், அதாவது இரண்டு அவுன்ஸ், கேட்பது நல்லது. பலகையின் இரு பக்கங்களையும் இணைக்கும் துளைகளின் உட்சுவரில் படியும் செம்பு 20 முதல் 25 மைக்ரான் இருக்க வேண்டும். இதில் குறைத்துவிட்டால் பலகை முதல் நாள் சோதனையில் தேறிவிடும். பல மாதங்கள் கழித்து வயல்வெளியில் சூடாகிப் பழுதாகும். அன்று உங்களுக்கு நட்டமாவது பலகையின் விலை மட்டும் அன்று. அதில் பொருத்திய ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், மைக்ரோகன்ட்ரோலர், உங்கள் ஊழியர் போய்வரும் செலவு, விவசாயியின் நம்பிக்கை ஆகியவையும் சேர்ந்தே போகின்றன. பலகை தயாரிப்பவர்கள் பொதுவாக வெற்றுப் பலகைக்கு மட்டுமே ஈடு தருவார்கள். இந்த நிபந்தனை இங்கும் அங்கும் ஒன்றுதான். வேறுபாடு என்னவென்றால், இங்குள்ள ஆலைக்கு நீங்கள் நேரில் போகலாம், துளையை வெட்டி நுண்ணோக்கியில் அளந்த அறிக்கையை ஒவ்வொரு தொகுதிக்கும் கேட்கலாம், பழுதான பலகையை மேசையில் வைத்து அவர்களின் பொறியாளரோடு பேசலாம்.

அவசியம் நேரில் போய்ப் பாருங்கள். உள்நாட்டு விலை சொல்லும் எல்லோரும் உற்பத்தியாளர்கள் அல்லர். ஆர்டரை வாங்கிச் சீனாவுக்கே அனுப்பிவைக்கும் வணிகர்களும் உண்டு. துளையிடும் இயந்திரங்களையும், செம்பு முலாம் தொட்டிகளையும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் காட்டச் சொல்லுங்கள். செம்பு கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியேற்றும் ஆலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஓர் உத்தரவில் நின்றுபோகலாம். அத்துடன் உங்கள் உற்பத்தியும் நிற்கும். அப்படிப்பட்ட ஆலையின் மலிவு விலையை ஏற்பது முறையும் அன்று.

கேள்வி: பிசிபிக்கு மூலப்பொருளான, செம்புத் தகடு ஒட்டிய லேமினேட்டே வெளிநாட்டிலிருந்துதானே வருகிறது? அப்படியிருக்க, இதை உள்நாட்டுத் தயாரிப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. கண்ணாடி இழைத் துணியும் எப்பாக்ஸி பிசினும் செம்புத் தகடும் சேர்ந்த எஃப்ஆர்-4 லேமினேட்டுக்கு நம் ஆலைகள் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கின்றன. ஆயினும் லேமினேட் ஒரு பொதுச் சரக்கு. சீனாவில் தடை ஏற்பட்டால் தைவானிலிருந்து வாங்கலாம், முன்கூட்டியே இருப்பும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வடிவமைப்புக்கென்றே செய்து முடித்த பலகைக்கு அத்தகைய மாற்று உடனடியாகக் கிடைக்காது. துளையிடுதல், முலாம் பூசுதல், வேண்டாத செம்பை அரித்தெடுத்தல், சோல்டர் மாஸ்க் என்னும் காப்புப் பூச்சு, மின்சோதனை ஆகிய நுட்பங்கள் அனைத்தும் இங்கே நடப்பதால் அந்த அறிவும் இங்கேயே தங்குகிறது.

மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாயில் மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் முதல் கட்டமாக ஏற்கப்பட்ட ஏழு திட்டங்களுள் ஐந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. பல லேயர் பிசிபியோடு லேமினேட்டும் அவற்றுள் இடம்பெற்றது. அந்த ஆலைகள் முழு அளவில் ஓடத் தொடங்கும்வரை, ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் உற்பத்தியாளரிடம் எத்தனை வாரத்துக்கு லேமினேட் இருப்பு உள்ளது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்கு மாதிரியாக ஐந்து பலகைகள் மட்டும் போதும். அப்போதும் உள்நாட்டில்தான் வாங்க வேண்டுமா?
– மாணவி, ஓசூர்

பதில்: தேவையில்லை. பல வாடிக்கையாளர்களின் வடிவமைப்புகளை ஒரே பெரிய தகட்டில் சேர்த்து அச்சிடுவதால், ஐந்து பலகைகளைச் சீன நிறுவனங்கள் சில டாலர்களுக்கே தருகின்றன. பெரும்பாலும் கூரியர் கட்டணம்தான் அதைவிட அதிகம். படிப்புக்கு அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அதே வடிவமைப்பைப் பின்னர் விற்பனைக்குக் கொண்டுவர எண்ணினால், கடைசி மாதிரியை மட்டும், பலகைகளை மொத்தமாகத் தயாரிக்கப்போகும் ஆலையிலேயே செய்து வாங்குங்கள். மிகக் குறுகிய ட்ராக், மிகச் சிறிய துளை ஆகியவற்றுக்கு ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி எல்லை உண்டு. ஓரிடத்தில் தேறிய ஜெர்பர் ஃபைலை (ஆலைக்கு அனுப்பும் வடிவமைப்புக் கோப்பை) இன்னோரிடத்தில் திருத்தச் சொல்வார்கள்.